தேதி முந்தியா, தாலி முந்தியா?

மாதத்துக்கு ஒரு நாள் எங்கள் வீட்டில் அமெரிக்க அரசின் விசா புல்லட்டின் வாசிப்பு நடக்கும். கிரீன் கார்டு வரிசை எந்தத் தேதி வரை நகர்ந்திருக்கிறது என்று மாதாமாதம் சொல்லும் அறிக்கை அது. வாசிப்பது நான், கேட்பது அம்மா. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் இ.பி.2 என்ற, மேற்படிப்பு வேலைக்காரர்களுக்கான வரிசையில் இந்தியாவுக்கு நேராக என்ன தேதி போட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். "எது வரைக்கும் வந்திருக்கு?" என்பார், தண்ணி லாரி எந்தத் தெரு வரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்கிற மாதிரி. 2025 ஜனவரி புல்லட்டினில் அது 2012 அக்டோபர். அதே வருடம் டிசம்பரில் 2013 மே. ஒரு வருடம் முழுக்கக் காத்திருந்ததில் எட்டு மாதம்கூட நகரவில்லை. தம்பியின் பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் அவன் இடம் பிடித்த தேதி, 2016 ஆகஸ்ட்.

தம்பிக்கு 35 முடிந்துவிட்டது. கோவையில் இன்ஜினியரிங் படித்து, ஐ.டி. வேலையில் டெக்சாஸ் போய் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஐ-140, அதாவது கம்பெனி அவனுக்காகப் போட்ட கிரீன் கார்டு மனு, எப்போதோ அப்ரூவ் ஆகிவிட்டது. மீதி எல்லாம் காத்திருப்புதான். இதற்கு நடுவில் மூன்று முறை கல்யாணப் பேச்சை எடுத்தோம், மூன்று முறையும் "கிரீன் கார்டு வரட்டும்" என்று மூட்டை கட்டி வைத்தோம். நான் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்றிதழ் முதல் சுற்றுலா வண்டிக்கு இ-பாஸ் வரை நாள் முழுக்க ஊரார் பேப்பரையே பார்த்துக்கொண்டிருக்கிறவள், சொந்தத் தம்பியின் பேப்பரை உட்கார்ந்து படித்தது போன வருடம்தான். வெட்கம்தான்.

முதலில் அந்த வரிசை என்ன என்று சொல்லிவிடுகிறேன். வேலை அடிப்படையில் அமெரிக்கா வருடத்துக்குக் கொடுக்கும் கிரீன் கார்டு சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதம்தான் வரம்பு. இ.பி.2 பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தியாவின் பங்கு வருடத்துக்கு 2,800 சொச்சம். மற்ற நாட்டுக்காரர்கள் எடுக்காமல் விட்டது சில வருடம் இந்தப் பக்கம் வழிந்து வரும், சில வருடம் வராது. அந்த 2,800-க்குள் மனைவி, பிள்ளைகளும் அடக்கம். வரிசையில் நிற்கிற ஒரு பையன் கல்யாணம் செய்துகொண்டால் வரிசையும் ஒரு ஆள் நீளும்.

"பிறந்தவர்கள்" என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பது கணக்கில்லை, எந்த நாட்டில் பிறந்தார் என்பதுதான் கணக்கு. இந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் பெரிய கலகத்தைக் கிளப்பியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மாவுக்கு வரிசை புதிதில்லை. இலங்கையின் மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், நாடில்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு ஏழு பேர் போனால் இலங்கையில் நாலு பேருக்குக் குடியுரிமை என்று ஒரு விகிதம் வேறு. தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். கண்டியிலிருந்து பாஸ்போர்ட் வரும் வரும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அதற்குள் பெரியம்மாவுக்கு ஒரு வரன் வந்தது. பேப்பர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று முடித்தும் விட்டார்கள். மாப்பிள்ளை வீடு இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்த வீடு. 1974-ல் தாத்தா, பாட்டி, அம்மா மூவரும் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் பந்தலூர் பக்கத்தில் தாயகம் திரும்பியோருக்காகப் போட்ட அரசுத் தேயிலைத் தோட்டம் என்று வந்து சேர்ந்தார்கள். அந்தத் தோட்டம்தான் பின்னால் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. பெரியம்மா அங்கேயே நின்றுவிட்டார். அக்காவும் தங்கையும் மறுபடி நேரில் பார்த்துக்கொண்டது 2003-ல்.

அதனால் "பேப்பர் வரட்டும்" என்பதும் "பேப்பர் வருவதற்குள் முடித்துவிடலாம்" என்பதும் எங்கள் வீட்டில் அரை நூற்றாண்டுப் பேச்சு.

சரி, வழிகளுக்கு வருவோம். இத்தனை வருடம் நாங்கள் யோசிக்காமலே பிடித்துக்கொண்டிருந்த வழி, கார்டு வந்த பிறகு கல்யாணம். மாமா ஒருவர் இதற்கு முழுநேரப் பிரசாரகர். "கார்டு கையில இருந்தா பொண்ணு வீட்டுக்காரன் வாசல்ல வந்து நிப்பான்" என்பார். எனக்கும் அது சரியென்றே பட்டது. விதியைப் படித்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. இருக்கிற வழிகளிலேயே மோசமானது இதுதான்.

தம்பிக்குக் கார்டு அப்ரூவ் ஆகும் நாளுக்கு முன்னால் கல்யாணம் ஆகியிருந்தால், மனைவிக்கும் அவனுடைய 2016 தேதியே கிடைக்கும். அவனோடு சேர்ந்து வாங்கலாம், இல்லை பின்னால் வந்து சேர்ந்துகொள்ளலாம். அப்ரூவ் ஆன மறுநாள் தாலி கட்டினால் அந்தப் பெண் வேறு வரிசை. எஃப்2ஏ என்பார்கள், கிரீன் கார்டுக்காரரின் மனைவிக்கானது. புது மனு, புதுத் தேதி, வருடக்கணக்கில் காத்திருப்பு. அதுவரை எச்-4 விசாவில் வரக் கூடாதா என்றால், கூடாது. எச்-4 என்பது எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கு. கார்டு வந்துவிட்டால் அவன் எச்-1பி இல்லை. சுற்றுலா விசா கேட்டால், கணவன் அங்கேயே குடியிருக்கும்போது இவள் திரும்பி வருவாளா என்று அதிகாரி சந்தேகப்படுவார். ஆகக் கார்டு இல்லாத மாப்பிள்ளை, விசா நேர்காணல் முடிந்ததும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். கார்டு உள்ள மாப்பிள்ளை வருடக்கணக்கில் வீடியோ காலில் குடும்பம் நடத்த வேண்டும். மாமாவுக்கு மூன்று தடவை விளக்கினேன். "அப்படி எவனாவது சட்டம் போடுவானா?" என்று என்னைத்தான் சந்தேகப்பட்டார்.

அதோடு, அந்தக் கார்டு எப்போது வரும்? 2025 கடைசியில் 2013-ல் நின்றது 2016-க்கு வர மூணு வருஷம் என்பது அம்மாவின் கணக்கு. 2025-இன் வேகத்தில் போனால் ஐந்து வருடம். ஆனால் இந்தத் தேதி முன்னால் மட்டும் போகிற ஜாதி இல்லை. 2022-ல் இதே கட்டம் 2014 டிசம்பர் வரை வந்துவிட்டு, அந்த வருடம் முடிவதற்குள் 2011-க்கு இறங்கியது. "தேதி எப்படிடி பின்னாடி போகும்?" என்று அம்மா அன்றைக்குக் கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

அமெரிக்கக் குடியுரிமை உள்ள பெண் என்றால் எண்ணிக்கை வரம்பே கிடையாது. கல்யாணமாகி இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் முதலில் நிபந்தனையோடு இரண்டு வருடக் கார்டு, பிறகு நிரந்தரமானது. இதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அப்படி ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்து அவளுக்கும் இவனைப் பிடித்தால் நல்லது, மாலையை எடுத்துக்கொண்டு நாங்கள் ரெடி. கார்டுக்காக மட்டும் செய்கிற போலிக் கல்யாணத்துக்கு ஐந்து வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம், அதன் பிறகு எந்த வழியில் மனு போட்டாலும் மறுப்பு. "சும்மா பேப்பருக்கு ஒண்ணு பண்ணிக்கலாம்" என்று டீக்கடையில் யோசனை சொன்ன ஆளுக்காக இதை எழுதுகிறேன்.

இப்போது அந்தக் கலகம். வரிசைக் கணக்கில் ஒரு விலக்கு இருக்கிறது. கணவன், மனைவி இருவரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் இருவருமே அந்த நாட்டுக் கணக்கில் போகலாம். குவைத்தில் பிறந்து கோவையில் வளர்ந்த பெண்ணாக இருக்கலாம், கையில் இந்தியப் பாஸ்போர்ட்டே இருக்கலாம், பிறந்த இடம்தான் பேசும். நெருக்கடி இல்லாத நாடுகளுக்கு 2025-ல் இ.பி.2 தேதி 2023, 2024 என்று ஓடியது. 2016 தேதி வைத்திருக்கிறவன் அப்படி ஒரு பெண்ணைக் கட்டினால் உடனே ஐ-485, அதாவது கார்டுக்கான கடைசி மனுவைப் போடலாம். ஒரு தரகர் என்னிடம் "பொண்ணு எங்க பொறந்திருக்கணும்?" என்று கேட்டபோது நட்சத்திரம் பற்றிக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அம்மா இலங்கையில் பிறந்தவர்தானே, அது மகனுக்கு ஆகாதா என்றும் பார்த்தோம். ஆகாது. பெற்றோர் பிறந்த நாட்டைக் கேட்கலாம்தான். ஆனால் பிள்ளை பிறந்த நாட்டில் அப்பாவும் பிறந்திருக்கக் கூடாது, அம்மாவும் பிறந்திருக்கக் கூடாது, பிள்ளை பிறந்தபோது இருவருக்கும் அங்கே குடியிருப்பும் இருந்திருக்கக் கூடாது. தம்பி பிறந்தபோது எங்கள் குடியிருப்பு பந்தலூரில், தோட்டத்து லைன் வீட்டில். நாடில்லாமல் இருந்து ஒரு நாட்டை வாங்கிக்கொண்டு வந்தோம், அந்த நாடுதான் இப்போது வரிசையில் பின்னால் தள்ளுகிறது.

அப்போதுதான் யாருக்கோ பொறி தட்டியது. பெரியம்மாவின் மகள் வயிற்றுப் பேத்தி. தம்பிக்கு அக்கா மகள், உரிமைப் பெண். 27 வயது, ஹட்டனில் பள்ளிக்கூட ஆசிரியை. பிறந்தது டிக்கோயா ஆஸ்பத்திரியில். முறை பொருந்துகிறது, தேதி பொருந்துகிறது, 1974-ல் பிரிந்த குடும்பமும் சேர்ந்துவிடும். பாட்டி இருந்திருந்தால் அழுதே இருப்பார். நானும் சொக்கித்தான் போனேன். இரண்டு வாரம் வீட்டில் இதே பேச்சு. இப்போது நினைத்தால் ஒன்று உறைக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் அவளைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அவளுடைய பிறப்புச் சான்றிதழைப் பற்றித்தான் பேசினோம். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க யாரைப் பிடிப்பது என்பது வரைக்கும் போய்விட்டோம்.

கடைசியில் தம்பியே அவளுக்கு போன் செய்தான். அவள் ஒரு கேள்விதான் கேட்டாளாம். "மாமா, இந்தியாவுக்கு தேதி வேகமா போயிருந்தா என்னைய கேட்டிருப்பீங்களா?" இவனுக்குப் பொய் சொல்ல வராது. பேச்சு அதோடு முடிந்தது. பெரியம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். அது எங்கள் மேலா, பேத்தி மேலா என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

இந்த வழி சட்டப்படி சரியானது, இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஏற்கெனவே மனசு ஒத்துப்போன இடத்தில் இந்த வசதியும் கூட வந்தால் அது அதிர்ஷ்டம், தாராளமாகப் பயன்படுத்தலாம். சான்றிதழிலிருந்து தொடங்கிப் பெண்ணிடம் வருவதுதான் எனக்கு ஒப்பவில்லை. நடைமுறையிலும் ஒரு பலவீனம் உண்டு. கார்டு கைக்கு வருவதற்குள் விவாகரத்து ஆனால் அவள் நாட்டுக் கணக்கும் போய்விடும், மறுபடி இந்திய வரிசை. இருவரில் ஒருவர் இன்னொருவரின் கைத்தடியாக மட்டும் இருக்கிற கல்யாணத்தில் இந்தப் பயம் போகவே போகாது.

மிச்சம் இருந்தவை இரண்டு. அங்கேயே சொந்த விசாவில் இருக்கிற பெண், அல்லது இங்கிருந்து கல்யாணம் செய்து எச்-4-இல் கூட்டிப்போகிற பெண்.

பேப்பரை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் நல்லது, சந்தேகமே இல்லை. அவளுக்கும் எச்-1பி இருந்தால் இருவருக்கும் தனித்தனி வேலை, தனித்தனிக் காலக்கெடு. ஒருவருக்கு வேலை போனால் இன்னொருவரின் எச்-4-க்கு மாறி மூச்சு விட்டுக்கொள்ளலாம். இருவரில் யாருடைய பிரையாரிட்டி டேட் முந்தியதோ அதில் மற்றவரும் ஏறிக்கொள்ளலாம். டல்லாஸில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் ஜாதகம் வந்தது. இருவரும் நாலைந்து முறை பேசினார்கள், பிடித்தும் இருந்தது என்றே நினைக்கிறேன். பெண்ணின் அப்பா கூடலூருக்கு வந்து வீட்டைப் பார்த்தார். "பட்டா இருக்கா?" என்று கேட்டார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே சிரிப்பு வரும், வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஜமீன் மாதிரியான ஜென்மி நில உரிமையை ஒழிக்கக் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969-ல் வந்தது. அதில் பிரிவு 17-இன் கீழ் வரும் நிலங்களுக்கு இன்னும் முடிவு கிடைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா கிடையாது, கரண்ட் இணைப்புக்கே அலைந்தவர்கள் உண்டு. அரை நூற்றாண்டாக நகராத வரிசை எங்களுக்கு உள்ளூரிலேயே இருக்கிறது என்று அவரிடம் விளையாட்டாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. லைன் வீட்டுப் பிள்ளை என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும், வெளியே சொல்லவில்லை.

இன்னொன்று குன்னூர் பக்கத்துப் பெண். ஸ்டாஃப் நர்ஸ், 31 வயது. இந்த வழியைத்தான் நான் அதிகம் புரட்டிப் பார்த்தேன், ஏனென்றால் இதில் இழக்கப் போவது யார் என்பது தெளிவாகத் தெரிகிறது. இவனுக்கு வேலை, வீடு, கார் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். அவள் இங்கே வேலையை விட வேண்டும். எச்-4-இல் போய் இறங்கினால் நேராக வேலைக்குப் போக முடியாது. எச்-1பி-காரருக்கு ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்தால் மனைவி வேலை அனுமதி அட்டை வாங்கலாம் என்று 2015-ல் விதி வந்தது. ஈ.ஏ.டி. என்பார்கள். தம்பிக்கு அந்தத் தகுதி இருக்கிறது. ஆனால் அவள் அங்கே போன பிறகுதான் மனு போட முடியும், அட்டை வர மாதங்கள் ஆகும். புதுப்பிக்க மனு போட்டுவிட்டால் பழைய அட்டையிலேயே தொடர்ந்து வேலை பார்க்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் போடும் மனுக்களுக்கு அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக ஒவ்வொரு முறையும் அட்டை முடிகிற நேரத்தில் வேலை அந்தரத்தில் நிற்கும்.

இதையெல்லாம் பெண் வீட்டில் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு முன்னாலேயே படித்து வைத்திருந்தாள். வாட்ஸாப்பில் கேட்டாள். "அக்கா, அவருக்கு வேலை போச்சுன்னா எங்களுக்கு எத்தனை நாள்?" அறுபது நாள். அதற்குள் வேறு கம்பெனி மனு போட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும், இருவருமே. இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. என் ஓட்டு அங்கேயே விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் நான் எழுதுவதில் அந்தச் சாய்வு இருக்கும்.

நர்ஸ் என்பதால் ஒரு வசதி உண்டு. அமெரிக்காவில் நர்ஸாக வேண்டுமானால் என்க்ளெக்ஸ் என்ற தேர்வு எழுத வேண்டும். அதை இந்தியாவிலேயே எழுதலாம். எனவே நாங்கள் பேசி வைத்திருப்பது இது. கல்யாணம் இந்த வருடமே. ஆனால் விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் வரை அவள் வேலையை விடக் கூடாது. அதற்குள் தேர்வை எழுதிவிட வேண்டும். அங்கே ஈ.ஏ.டி. வராமல் அவள் வீட்டில் இருக்கும் மாதங்களுக்கு, இங்கே வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தைத் தம்பி அவள் பெயரில் உள்ள கணக்கில் போட வேண்டும். கடைசியாகச் சொன்னது என் நிபந்தனை. தம்பி உடனே சரி என்றான், அம்மாதான் "புருஷன் பொண்டாட்டிக்குள்ள சம்பளமா?" என்று முகத்தைச் சுளித்தார். ஓய்வு பெறும்வரை கொழுந்துக் கூடை சுமந்து தன் சம்பளத்தைத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கியவர், இதை எப்படி மறந்தார் என்று எனக்கு ஆச்சரியம்.

திரும்பி வந்துவிடுவது என்ற வழியையும் பார்க்காமல் இல்லை. அப்ரூவ் ஆன ஐ-140-இன் தேதி பொதுவாக அழியாது. பிற்பாடு வேறு கம்பெனி புதிதாக மனு போட்டாலும் அதே 2016-ஐக் கேட்கலாம். வரிசையில் துண்டைப் போட்டுவிட்டு வருகிற மாதிரி. ஆனால் 2025 செப்டம்பர் 21 முதல் வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புது எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஆகிவிட்டது. எந்தக் கம்பெனி கட்டும்? துண்டு இருக்கும், ஆள் போய் உட்கார முடியாது. வந்தால் வந்ததுதான் என்ற முடிவோடு வர வேண்டும். தம்பி அந்த மனநிலையில் இல்லை. பொய்யாக அவனை இழுக்க எனக்கும் மனசில்லை. அம்மாவுக்கு மட்டும் இதுதான் முதல் வழி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நடுவில் கனடாவைப் பற்றி ஒரு வார்த்தை, எங்கள் மையத்துக்கு வந்த ஒரு பையனால். அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதிக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருக்கையில் கல்யாணம் செய்துகொண்டவன், "சொன்னா லேட் ஆகும், போனப்புறம் மனைவியைக் கூப்பிட்டுக்கறேன்" என்றான். கனடாவில் இது பெரிய குழி. போய் இறங்குவதற்குமுன் ஆன கல்யாணத்தைச் சொல்லாமல் மறைத்தால், பிற்பாடு அந்த மனைவியைக் குடும்ப வழியில் அழைக்க முடியாமல் போகலாம். அமெரிக்காவில் கல்யாணம் கார்டுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும், கனடாவில் நடந்ததை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லச் சொல்லி அனுப்பினேன்.

இத்தனையும் முடிவான பிறகு நிஜமான தலைவலி தொடங்கியது, தேதி. புல்லட்டின் தேதி இல்லை, முகூர்த்தத் தேதி. அமெரிக்காவில் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது கிறிஸ்துமஸ் சமயம். நமக்கு அது மார்கழி. தை பிறந்தால் வழி பிறக்கும், ஆனால் தை பிறக்கையில் அவன் லீவு முடிந்துவிடும். பெண்ணை முதலில் அங்கே கூட்டிப்போய் பிறகு கல்யாணம் என்றும் முடியாது. நிச்சயம் செய்த பெண்ணுக்கான விசா அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான் உண்டு, எச்-1பி-காரருக்குக் கிடையாது. சட்டப்படி கல்யாணம் ஆகியிருந்தால்தான் எச்-4.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். 1967-ல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தத்தின்படி ஐயர், அக்னி இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டாலே தமிழ்நாட்டில் செல்லும் கல்யாணம். அதைப் பதிவு செய்து சான்றிதழை வாங்கிவிட்டால் விசாவுக்கு மனு போடலாம், ஊர்கூடிச் செய்வதை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். பதிவு அலுவலகத்துக்கு மார்கழி கிடையாது. அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார். "மார்கழியிலயா?" சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டசபையில் நிறைவேற்றிவிடலாம், எங்கள் அடுப்படியில் நிறைவேற்ற முடியாது.

எப்படியும் அந்த மார்கழி கைவிட்டுப் போனது. தம்பியின் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா காலாவதியாகிவிட்டது. இந்தியா வந்தால் கான்சுலேட்டில் ஸ்டாம்பிங் செய்து, அதாவது பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டி வாங்கித்தான் திரும்ப முடியும். 2025 டிசம்பர் நடுவிலிருந்து எச்-1பி, எச்-4 காரர்களின் சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லாம் சோதிப்பதாகச் சொல்லி, பலருடைய நேர்காணலை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். கல்யாணத்துக்காக வந்து வேலைக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தம்பி டிக்கெட்டை ரத்து செய்தான். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போயிற்று, அதை எழுதினால் வயிறு எரியும், விடுங்கள்.

இப்போது சித்திரைக் கடைசியில் ஒரு நாள் பேச்சில் இருக்கிறது. அதுவும் முதலில் சென்னையில் ஸ்டாம்பிங்குக்கு நாள் கிடைத்து, அதற்குப் பிறகுதான் முகூர்த்தம். நாள் குறிக்கும் ஜோசியரிடம் "சாமி, கான்சுலேட் தேதி வந்ததும் சொல்றோம், அதுக்குப் பக்கத்துல ஒண்ணு பார்த்துக் குடுங்க" என்று கேட்டு வந்திருக்கிறேன். அவர் அசரவில்லை, "இப்ப எல்லாருமே அப்படித்தான் கேக்கறாங்க" என்றார். சித்திரை என்றால் சீசன். கீழேயிருந்து வரும் சொந்தக்காரர்களின் வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். அந்தக் கவலையை என்னிடம் விட்டுவிடுங்கள், தொழிலே அதுதான். வைகாசியைத் தாண்டினால் எங்கள் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும், பந்தல் நிற்காது.

பெண்ணுக்குப் பாஸ்போர்ட்டில் பெயர் திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். நம் ஊர் இனிஷியல் வழக்கத்தால் வந்தது. அப்படியே விட்டால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாதவர் என்று அச்சாகி வரும், பிறகு அங்கே வங்கியிலும் லைசென்ஸிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொள்ளும். வரன் பேசும்போதே இதைச் சரிசெய்துவிடுவது நல்லது.

போன வாரம் மஸ்கெலியாவிலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். அந்தப் பேச்சு முறிந்த பிறகு முதல் போன். அம்மா ஸ்பீக்கரில் போட்டார். பெண் எந்த ஊர், என்ன வேலை என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். பேத்தி பக்கத்தில்தான் இருந்தாள், "மாமாவுக்கு வாழ்த்து சொல்லுங்க" என்று அவள் குரலும் கேட்டது. தேதி இன்னும் முடிவாகவில்லை என்று அம்மா இழுத்தார்.

"சீக்கிரம் முடிவு பண்ணிச் சொல்லு" என்றார் பெரியம்மா. "நானும் புள்ளயும் வர்றோம். எங்களுக்கு இந்தியாவுக்கு விசா போடணும்ல."

அம்மா என்னைப் பார்த்தார். நான் அந்தப் பேப்பரையும் என் டைரியில் குறித்துக்கொண்டேன்.